யாருக்கு அந்தக் குரல்வளை?

நெல்மூட்டை தூக்குவது இப்போது எனக்கு ஏலாத காரியம். கையில் பலம் இருக்கிறது, முதுகும் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் மூட்டையின் காதுகளைப் பிடித்து நிமிரும் அந்தக் கணத்தில் எவரும் தம்மை அறியாமலே மூச்சை அடக்குவார்கள். தொண்டைக்குள் இரண்டு குரல்நாண்களும் இறுக மூடி, நெஞ்சுக்குள் காற்றைப் பூட்டிவிடும். நெஞ்சறை விறைத்து நின்றால்தான் தோளும் கையும் அதில் ஊன்றிப் பாரத்தை எடுக்கும். எனக்குக் குரல்நாண்கள் இல்லை. குரல்வளையே இல்லை. புற்றுநோய் என்று முழுதாக எடுத்துவிட்டார்கள். அடிக்கழுத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஒரு துவாரம் இருக்கிறது. வாதனாளியின் மேல்முனையை அதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூச்சு அதனால்தான் போய்வருகிறது. மூட்டையைத் தூக்க முனைந்தால் காற்று அந்தத் துவாரத்தால் சீறிக்கொண்டு வெளியே போய்விடும்.

குரல்வளையை எடுத்தவன் என்றால், "பாவம், கதைக்க ஏலாது" என்றுதான் சனம் சொல்லும். கதைக்க முடியாதது பெரிய இழப்புத்தான். ஆனால் அதோடு சேர்ந்து போனவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுடுதேநீரை ஊதிக் குடிக்க முடியாது. அடுப்பை ஊத முடியாது. மூக்கால் காற்றுப் போவதில்லை, ஆகவே மணமில்லை. மணம் போனால் ருசியிலும் பாதி போய்விடும். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் கற்பூரம் எரிவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோலத் தாடையை இறக்கினால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று இழுபடும். அப்படிப் பழகிப் பழகிச் சாம்பிராணி மணத்தை மட்டும் ஓரளவு திரும்பப் பெற்றிருக்கிறேன். ஆடி ஆவணியில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது, அதை வடிகட்ட மூக்கு வழியில் இல்லாததால் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். இரணைமடுக் குளத்தில் இறங்கிக் குளிப்பதையும் விட்டுவிட்டேன். கழுத்துத் துவாரத்துக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான்.

கிளிநொச்சியில் பல காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். சுவாசத்தொகுதிப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். குரல்வளைக்கு ஒரு கோடு இழுத்து "ஒலியை உண்டாக்கும் உறுப்பு" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். பாடத்திட்டம் கேட்டது அவ்வளவுதான். உயிர்களின் வரலாற்றில் இந்த உறுப்பு வந்தது பேச்சுக்காக அல்ல. நுரையீரல்மீன் என்றொரு மீன் உண்டு. அதற்குக் குரல் கிடையாது. ஆனால் நுரையீரலுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும் தசைவளையம் அதன் தொண்டையில் இருக்கிறது. குரல்வளையின் மூதாதை அதுதான். முதல் வேலை காவல்: சோறும் தண்ணீரும் களத்துக்குப் போகட்டும், காற்று வாதனாளிக்குப் போகட்டும் என்று பிரித்துவிடுவது, தப்பி இறங்கியதை இருமி வெளியே தள்ளுவது, காற்றை அடக்கி உடம்புக்கு ஊன்றுகோல் கொடுப்பது. பேச்சும் பாட்டும் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தவை.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவன் என்னிடம் படித்த ஒருவன். தருமபுரம் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். 2009 இல் போரின்போது செல் சிதறல் ஒன்று அவன் கழுத்தைக் கிழித்தது. உயிரைக் காப்பாற்றக் கழுத்தில் ரியூப் போட்டார்கள். காயம் ஆறியது, ஆறிய தழும்பு குரல்வளையை உள்ளே நெருக்கி, ஊசி நுழையும் இடைவெளி மட்டும் விட்டுவைத்தது. ரியூப்பை எடுத்தால் மூச்சுமுட்டும். விரலால் ரியூப்பின் வாயை அடைத்துக்கொண்டு, அந்த இடைவெளியால் காற்றைத் தள்ளி, கரகரவென்று இரண்டு மூன்று சொல் சொல்வான். பிறகு விரலை எடுத்து மூச்சு வாங்குவான். அமெரிக்காவில் ஒருவருக்குக் குரல்வளை மாற்றிப் பொருத்திய காணொளியை யாரோ அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான்:

"சேர், உங்கட தொண்டையை எடுத்துப்போட்டாங்கள். என்ர தொண்டை இருக்குது, ஆனா பூட்டிக் கிடக்குது. இந்த ஒப்பரேசன் எங்கள் ரெண்டு பேரிலயும் ஆருக்குச் சரிவரும்?"

நல்ல மாணவனின் கேள்வி. விடை சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக அகற்றிய முதல் சத்திரசிகிச்சை வியன்னாவில் 1873 டிசம்பர் 31 அன்று நடந்தது. செய்தவர் தியோடோர் பில்ரோத். அவரது உதவியாளர் கார்ல் குசன்பவர், காற்றில் அதிரும் நாக்கு வைத்த செயற்கைக் குரல்வளை ஒன்றை அந்த நோயாளிக்குச் செய்து கொடுத்தார்; நோயாளி அதனால் பேசவும் செய்தார். ஆனால் சில மாதங்களில் புற்றுநோய் திரும்பிவந்து அவரைக் கொண்டுபோனது. குரல்வளையை எடுத்த முதல் நாளிலேயே, எடுத்த இடத்தில் எதை வைப்பது என்ற யோசனையும் பிறந்துவிட்டது என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன்.

இறந்தவர் ஒருவரின் குரல்வளையை எடுத்து உயிரோடிருப்பவருக்குப் பொருத்தும் முதல் முயற்சி 1969 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்தது. க்ளூஸ்கென்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் செய்தார்கள். நோயாளிக்கு என்னைப்போலவே தொண்டைப் புற்றுநோய். பிறருடைய உறுப்பை உடம்பு எதிரியாகப் பார்த்துத் தாக்கும்; அந்த நிர்ப்பீடனத்தை மருந்தால் அடக்கிவைத்தால்தான் மாற்றுறுப்பு நிற்கும். ஆனால் உடம்புக்குள் மிச்சசொச்சமாக ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கலங்களைத் தேடி அழிப்பதும் அதே நிர்ப்பீடனம்தான். அதை அடக்கினார்கள். பத்து மாதத்தில் புற்றுநோய் திரும்பிவந்து அந்த மனிதர் இறந்துபோனார். அதன்பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் உலகில் எவரும் இதைத் துணிந்து செய்யவில்லை.

என் மாணவனின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

மற்றப் பாதி 1998 ஜனவரி 4 இல் வருகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மார்ஷல் ஸ்ட்ரோம் தலைமையிலான குழு, திமத்தி ஹைட்லர் என்ற 40 வயதுக்காரருக்குக் குரல்வளை மாற்றியது. அவருக்குப் புற்றுநோய் இல்லை. இளவயதில் மோட்டார் சைக்கிளில் போகும்போது குறுக்கே கட்டியிருந்த கம்பி கழுத்தில் பட்டுக் குரல்வளை நொறுங்கியது. இருபது வருடம் கழுத்து ரியூப்பால் மூச்சுவிட்டு, மின் கருவியால் பேசியவர். (இரவில் ஒழுங்கைகளில் மாட்டுக்கயிறும் வேலிக்கம்பியும் தெரியாமல் போய்க் கழுத்தை அறுத்துக்கொண்டவர்களை எங்கள் வன்னியில் எனக்குத் தெரியும். அவர்கள் அதிர்ஷ்டசாலிகள், தோலோடு போனது.) கொடையாளியின் குரல்வளையை மட்டும் எடுத்துப் பொருத்தவில்லை. தைரொயிட்டுச் சுரப்பி, பராதைரொயிட்டுகள், தொண்டையின் ஒரு பகுதி, வாதனாளியின் மேல் வளையங்கள், இவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார்கள். பன்னிரண்டு மணித்தியாலம். மூன்றாம் நாள் ஹைட்லர் "ஹலோ" என்றார். காலப்போக்கில் சாதாரணமாக விழுங்கினார். மணமும் ருசியும் வந்தன. கூட்டங்களில் ஏறிப் பேசினார்.

ஆனால் கழுத்துத் துவாரத்தை அவரால் கடைசிவரை மூட முடியவில்லை. குரல் வந்தது, விழுங்க முடிந்தது, வாயால் மட்டும் மூச்சுவிட முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்த வைத்தியத்தின் மிகக் கடினமான இடம். அதைக் கொஞ்சம் நின்று விளக்கவேண்டும்.

குரல்நாண்களை அசைக்கும் பிரதான நரம்பு மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்குகிறது. இடப்பக்கத்து நரம்பு இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே பாதைதான்; மேலே சில அங்குலம் தள்ளியிருக்கும் உறுப்புக்குப் போக அதன் நரம்பு சில மீற்றர் நீளம் கீழே போய்த் திரும்புகிறது. நெஞ்சுக்குள் கட்டி வந்தாலும் சிலருக்குக் குரல் அடைப்பது இதனால்தான். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற வைத்தியர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்பை அறுத்துக் காட்டினார். பன்றி உதறிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் நின்றுபோனது.

இந்த ஒரே நரம்புக்குள் இரண்டு வகை இழைகள் கலந்து ஓடுகின்றன. குரல்நாண்களை மூடும் தசைகளுக்கானவை அதிகம்; திறக்கும் தசைக்கானவை குறைவு. மூடும் தசைகள் பல, திறப்பதற்குப் பின்பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொன்று மட்டும். அறுபட்ட நரம்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தைத்தால், இழைகள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மறுபடி வளரும். வளர்வது உண்மை. ஆனால் எந்த இழை எந்தத் தசைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று காட்டிவிட ஒருவருமில்லை. திறக்கும் இழை மூடும் தசையில் போய் ஒட்டும், மூடும் இழை திறக்கும் தசையில் ஒட்டும். இரணைமடுவில் வான்கதவைத் திறக்கச் சொல்லிக் கட்டளை வந்தவுடன் பாதி ஆட்கள் மேலே இழுக்க, பாதி ஆட்கள் கீழே அமுக்கினால் கதவு எப்படி நிற்குமோ, குரல்நாண்களும் அப்படி நடுவில் நின்றுவிடும். நடுவில் நிற்கும் நாண்களுக்கிடையால் காற்று அதிர்ந்து வெளியேறும்போது குரல் வரும். விழுங்கும்போதும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஓடி இளைக்கும்போது கதவு அகலத் திறக்கவேண்டுமே, அது நடக்காது. ஹைட்லருக்கு நேர்ந்ததும் இதுதான். அவருக்கு இடப்பக்கத்து நரம்பைத் தேடியும் பிடிக்க முடியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி என்னை மிகவும் கவர்ந்தது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பிரிமென்றகட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு ஒன்று கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது. மூச்சு இழுக்கும் அதே நேரத்தில்தான் குரல்நாண்களும் விரிய வேண்டும். அப்படியானால் அந்த நரம்பின் ஒரு கிளையைக் கொண்டுவந்து திறக்கும் தசையில் சேர்த்தால் என்ன? பிரான்சின் ரூவான் நகரத்து ஷான்-போல் மரி, குரல்வளை முடங்கியவர்களுக்கு இந்த முறையைப் பல வருடம் செய்து வந்தவர். குரல்வளை மாற்று செய்வோரும் அவரது வழியைக் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

2010 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவ நிலையத்தில் பிரெண்டா ஜென்சன் என்ற 52 வயதுப் பெண்ணுக்குக் குரல்வளையும் வாதனாளியின் ஒரு பகுதியும் தைரொயிட்டும் மாற்றினார்கள். இரண்டு நாளுக்குள் பதினெட்டு மணித்தியால வேலை. பதின்மூன்றாம் நாள் அவர் பேசினார்: காலை வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். பதினொரு வருடம் குரலில்லாமல் இருந்தவர். 2015 இல் போலந்தின் கிளிவிற்செ நகரிலும், அதற்கு முன்பே கொலம்பியாவில் மெடெயின் நகரிலும் இத்தகைய மாற்றுகள் நடந்தன. 2023 செப்டெம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் செரூஸ் தலைமையில் 49 வயதுப் பெண் ஒருவருக்கு 27 மணித்தியாலம் நடந்தது. அந்தப் பெண் நீண்டகாலமாகக் கழுத்து ரியூப்பால் மூச்சுவிட்டவர். 1996 இல் இதயத்துடிப்பு நின்றபோது உயிர்காக்கத் தொண்டைக்குள் செலுத்திய குழாயால் வந்த தழும்பு. என் மாணவன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடையதும் தழும்புதானே.

அவன் கைபேசியில் கொண்டுவந்த காணொளி 2024 பெப்ரவரி 29 அன்று அரிசோனாவின் மாயோ கிளினிக்கில் டேவிட் லொட் குழுவினர் மார்ட்டி கீடியனுக்குச் செய்த சத்திரசிகிச்சையைப் பற்றியது. 21 மணித்தியாலம். கீடியனுக்குப் புற்றுநோய்தான். ஆகவே, "சேர், உங்களுக்கும் சரிவரும்" என்று பாய்ந்தான் அவன். சரிவராது. கீடியனுக்கு வந்தது கசியிழையத்தில் வரும், மெதுவாக வளர்ந்து எளிதில் பரவாத அபூர்வமான வகை. அதைவிட முக்கியமாக, முன்னமே சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியதால் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை அவர் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஓர் ஆபத்தை அவர் தலையில் கட்டவேண்டியிருக்கவில்லை. ஜென்சனும் அப்படித்தான், சிறுநீரகமும் சதையியும் மாற்றப்பட்டவர். எனக்கு வந்தது தொண்டைத் தோலிழையத்தில் பிடிக்கும் சாதாரண வகை, நிணநீர்க் கணுக்களுக்குப் போகக்கூடியது. எனக்கு இந்த மருந்தைக் கொடுப்பது 1969 இல் கென்ட் நகரத்து நோயாளிக்கு நடந்ததை மறுபடி நடத்திப் பார்ப்பதாகும்.

கீடியன் மூன்று வாரமளவில் தன் முதல் சொல்லைச் சொன்னார். நாலு மாதத்தில் குரல் பாதிக்கு மேல் திரும்பியது என்று வைத்தியர்கள் அறிவித்தார்கள். பேத்திக்குத் தன் குரலிலேயே கதை வாசித்துக்காட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: செத்தவருடைய குரலா வரும்? வராது. குரல்நாண் தருவது ஒரு மூலச் சத்தம் மட்டுமே. அதற்கு உருவம் கொடுப்பது தொண்டைக்குழி, அண்ணம், நாக்கு, பல், உதடு, மூக்கறை. இவையெல்லாம் சொந்தக்காரனுடையவை. கீடியன் பேசியபோது, அவர் ஊரான பாஸ்டன் பக்கத்துப் பேச்சுவழக்கு அப்படியே இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். என் மாணவனுக்கு ஒரு சிங்களவருடைய குரல்வளை கிடைத்தாலும் அவன் வாயில் வருவது தருமபுரத்துத் தமிழ்தான்.

சிறுநீரகம் என்ற சொல்லை வன்னியில் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரருக்கே சிறுநீரகம் பழுதாகிறது. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அவர்களுள் சிலர் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க மருந்து எடுத்து வாழ்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டுக்குப் போவதில்லை. வயலில் காலில் முள் குத்தினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகிறார். அந்த மருந்தின் சுமை என்ன என்று கேட்டால் அவர்தான் சொல்லவேண்டும். சிறுநீரகம் மாற்றாவிட்டால் சாவு அருகில் நிற்கிறது. அதற்காக அந்தச் சுமையைச் சுமக்கலாம். குரல்வளை இல்லாவிட்டால் சாவு இல்லை. நான் இருக்கிறேன், எழுதுகிறேன், சாப்பிடுகிறேன். சாவைத் தடுக்காத ஓர் உறுப்புக்காக வாழ்நாள் முழுக்க அந்த மருந்தை ஏற்பதா என்பதுதான் உலகெங்கும் வைத்தியர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் விடயம். மாற்றிய உறுப்பும் நிரந்தரமில்லை. ஹைட்லருடையது பதினாலு வருடம் நின்றது. பிறகு உடம்பு அதை மெல்ல மெல்ல நிராகரித்து, 2012 இல் எடுத்துவிட வேண்டியதாயிற்று.

என்றாலும், வாழ்வின் தரம் என்பது வீணர்களின் கவலை என்று எண்ணும் வைத்தியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை வீதியில் இறங்கி ஓடும்போது "நில்!" என்று கத்த முடியாத தகப்பனிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

குறுக்குவழி காட்டுவோரிடம் கவனமாக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். 2011 இல் சுவீடனில் பவோலோ மக்கியாரினி என்பவர் பிளாஸ்ரிக்கில் செய்த வாதனாளியில் நோயாளியின் மூலவுயிர்க் கலங்களைத் தடவிப் பொருத்தினார். யாருடைய உறுப்பும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை என்று உலகமே கொண்டாடியது. அந்தப் பிளாஸ்ரிக் உயிருள்ள இழையமாக மாறவே இல்லை. நோயாளர்கள் துன்பப்பட்டு இறந்தார்கள். 2023 இல் சுவீடனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறை விதித்தது. கைபேசியில் வரும் காணொளிகளில் இந்தக் கதையின் முதற்பாதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் என்னைப் போன்றவர்கள் எப்படிக் கதைக்கிறோம்? மூன்று வழி. ஒன்று, காற்றைக் களத்துக்குள் இழுத்து ஏவறைபோல் திருப்பிவிட்டு அதைச் சொல்லாக்குவது, பொறுமைசாலிகளுக்கே வரும். இரண்டாவது, கழுத்தில் வைத்து அமுக்கும் மின் அதிர்கருவி. நான் பாவிப்பது இதுதான். வீட்டில் அதற்குப் பெயர் "மிசின்". ஒரே சுருதியில் அதிரும். கோபமும் கொஞ்சலும் ஒன்றுபோலவே கேட்கும். தொலைபேசியில் என்னை முதல்முறை கேட்பவர்கள் பதிவுசெய்த குரல் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, வாதனாளிக்கும் களத்துக்கும் நடுச்சுவரில் சிறு துளையிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிலிக்கோன் வால்வு வைப்பது. துவாரத்தை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வால் களத்துக்குள் போய் அங்கே அதிரும். மூன்றிலும் இயற்கைக்குக் கிட்ட வரும் குரல் இதுவே. 1980 அளவில் அமெரிக்காவில் புளோம், சிங்கர் என்ற இருவர் கொண்டுவந்தது. வால்வில் பங்கசு வளர்ந்து சில மாதத்தில் ஒழுகத் தொடங்கும், மாற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் பணம். பெங்களூரில் விஷால் ராவ் என்ற புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணர், குரல் போனதால் வேலையும் சாப்பாடும் இழந்த ஏழை நோயாளிகளைக் கண்டு, தொழிற்றுறை அறிவுள்ள நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஐம்பது இந்திய ரூபா அளவில் முடியும் வால்வு ஒன்றைச் செய்தார். பல ஆயிரம் ரூபாவுக்கு விற்ற பொருள். 27 மணித்தியாலச் சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கும் அதே மரியாதையை நான் இந்தச் சின்ன வால்வுக்கும் கொடுக்கிறேன். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் பஸ் ஏறி இறங்கும் வன்னி நோயாளருக்கு இப்போதைக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது இதுதான்.

இன்னொன்றையும் ஆசிரியராக நின்று சொல்லியே ஆகவேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால், குறிப்பாகச் சுருட்டு, பீடி, சிகரட், சாராயம் உள்ளவர்கள், காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போய்க் குழாய்க் கமராவால் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். குரல்நாணில் ஆரம்பிக்கும் புற்றுநோய் மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் கதிர்ச் சிகிச்சையாலேயே பெரும்பாலும் குரல்வளையைக் காப்பாற்றலாம். "ரீச்சர்மாருக்குத் தொண்டை அடைக்கிறது சகஜம்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். கமரா அப்படிச் சொல்லாது.

என் மாணவனுக்கு வருவோம். அவன் இளையவன். புற்றுநோய் இல்லை. சுவாசப்பை நன்றாக இருக்கிறது. குரல்வளை மாற்று உலகில் யாருக்கென்று யோசிக்கப்பட்டதோ அந்த ஆள் அவன்தான். ஆனால் அது கடைசிப் படி. முன்னால் பல படிகள் இருக்கின்றன: லேசரால் தழும்பை வெட்டி விரிக்கலாம், விலா எலும்பின் கசியிழையத்தை வைத்து உள்வழியை அகலமாக்கலாம், சிலருக்குப் பழுதான வளையங்களை எடுத்துவிட்டு நல்ல முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். இவை எல்லாம் தோற்றபிறகே பிறருடைய குரல்வளை. இலங்கையில் இது இன்னும் நடந்ததில்லை. உறுப்புக் கொடைக்கு 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; சிறுநீரகமும் ஈரலும் இங்கே மாற்றுகிறார்கள்; எங்கள் நாட்டவர் தானம் செய்த கண்கள் உலகின் பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கொடுக்கும் மனம் இந்த மண்ணில் குறைவில்லை. போர் கழுத்திலும் தொண்டையிலும் காயப்படுத்திய எத்தனை பேர் வன்னியில் ரியூப்போடு வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு நல்ல குழு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்களுக்கு அது உரிமை. 2009 இல் உயிரைக் காப்பாற்றப் போட்ட ரியூப்பை, நிரந்தர ஏற்பாடு என்று யாரும் முடிவுசெய்திருக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காததால் அது நிரந்தரமாகிவிட்டது.

அடுத்த கிளினிக்குக்கு அவனோடு நானும் போகிறேன். கேட்கவேண்டியவற்றைக் கொப்பியில் எழுதியிருக்கிறோம். தழும்பு எவ்வளவு நீளம்? குரல்நாணுக்கு மேலேயா, கீழேயா? இரண்டு பக்க நரம்புகளும் உயிரோடு இருக்கின்றனவா? தசையில் ஊசி வைத்து மின்னோட்டம் பார்க்க முடியுமா? மூட்டுகள் அசைகின்றனவா, இறுகிவிட்டனவா? உள்வழியை விரிக்கும் சத்திரசிகிச்சைக்கு எங்கே போகவேண்டும்? இவை நான் எழுதியவை. கீழே அவன் தன் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறான்: "வழியைப் பெரிசாக்கினால் குரல் இன்னும் குறையுமோ, குறைஞ்சாலும் பரவாயில்லை, ரியூப் இல்லாமல் நித்திரை கொள்ள ஏலுமோ?"